ராசா என்று கூப்பிட்ட குற்றம்

நான் அக்குறணையில் பொதிமாடு ஓட்டுகிறவன். தோட்டத்துக் கோப்பியைக் கண்டிக்குக் கொண்டுபோய், அரிசியும் உப்பும் ஏற்றிக்கொண்டு திரும்புவேன். எழுத்து எனக்குக் கொஞ்சம்தான் வரும். என்றாலும் அல்லாஹ் எனக்குச் செய்ததைச் சொல்லாமல் மௌத்தாகக் கூடாது. நடந்ததை நடந்தபடி எழுதுகிறேன்.

அந்த வருஷம் மாத்தளைப் பக்கம் கலகம் கிளம்பியது. ஜனங்கள் புது வரிகளை எதிர்த்து எழும்பினார்கள். ஓர் ஆளை ராசா என்று சொல்லி முடி சூட்டினார்கள். உடனே வெள்ளைக்காரர் கண்டியில் இராணுவச் சட்டம் என்று பறை அடித்தார்கள். யாரையும் பிடிக்கலாம். காரணம் சொல்ல வேண்டியதில்லை. வீட்டையும் மாட்டையும் எடுத்துக்கொள்ளலாம். சுடவும் செய்யலாம்.

மூன்றாம் நோன்பன்று கட்டுகஸ்தோட்டைத் துறைக்கு வந்தேன். எட்டு மாடுகள். முன்மாடு தோணிப் பலகையில் கால் வைக்க மறுத்தது. அது போனால்தான் மற்றவை போகும். கழுத்தைத் தடவிச் சொன்னேன்.

"ராசா, வா. பயப்படாத ராசா. ஒனக்குப் பின்னால எல்லாரும் வருவாங்க."

ராசா என்பது அந்த மாட்டின் பேர். துறையில் நின்ற சிப்பாய்கள் என் கையைக் கட்டினார்கள்.

கோப்பி மூட்டை அடுக்குகிற கிட்டங்கி ஒன்றைச் சிறையாக்கியிருந்தார்கள். அங்கே முதியான்சே இருந்தார். துறையடியில் வயல் செய்கிற சிங்களவர். என் மாடுகளுக்கு வைக்கோல் தருகிறவர். தன்னை ஏன் பிடித்தார்கள் என்று அவருக்கும் தெரியாது. காலையில் பேர் கூப்பிடுவார்கள். சிலர் திரும்பி வரவில்லை. வெடிச்சத்தம் மட்டும் வந்தது.

பட்டாளத்துத் துரைக்கு மொழிபெயர்த்துச் சொல்கிறவர் வந்தார். அன்று துறையில் சிப்பாய்களோடு நின்ற யாழ்ப்பாணத்து ஆள்.

"என்ன குத்தத்துக்குப் புடிச்சீங்க?" என்று கேட்டேன்.

"ராசா வா எண்டு கூப்பிட்டனீர். பின்னால எல்லாரும் வருவினம் எண்டும் சொன்னனீர். என்ர காதால கேட்டனான்."

"அது என்ட மாடு, ஐயா."

"மாட்டுக்கு ராசா எண்டு பேரோ? என்னைப் பாக்க மாடு மாதிரித் தெரியுதோ?"

பிறகு குரலைத் தாழ்த்தினார். "முதியான்சே கலகக்கார ராசாவுக்கு அரிசி குடுத்தவன் எண்டு ஒரு சொல்லுச் சொல்லும். இண்டைக்கே வீட்டை போகலாம்."

"நான் காணல்ல."

"கண்டனீரோ எண்டு கேக்கேல்லை. சொல்லும் எண்டுதான் கேக்கிறன்."

எனக்குப் பயம் வந்தது. மூன்று பிள்ளைகள். சொல்லிவிடலாமா என்று அரை நாள் யோசித்தேன். வெட்கப்பட்டாலும் அதை மறைக்க மாட்டேன். மத்தியானம் கஞ்சி ஊற்றுவார்கள். நான் நோன்பு. என் பங்கைத் தன் துண்டால் மூடி, நோன்பு திறக்கிற மஃரிப் வரைக்கும் யாரும் தொடாமல் பார்த்துக்கொண்டவர் முதியான்சே. அந்த மனிதரைப் பற்றித்தான் பொய் சொல்லச் சொன்னார்கள்.

அழுதேன். துஆ கேட்டேன். என்னை வெளியே விடு என்று கேட்க வாய் வரவில்லை. யா அல்லாஹ், என் நாக்கை நேராக வை என்று கேட்டேன்.

மூன்று முறை வந்து கேட்டார்கள். மூன்று முறையும் மாட்டேன் என்றேன்.

பதினான்காம் நோன்பன்று என் பேரைக் கூப்பிட்டார்கள். கலிமா சொல்லிக்கொண்டே நடந்தேன். வாசலில் துப்பாக்கி இல்லை. என் ராசா படுத்துக் கிடந்தது. பறித்த மாடுகளில் பட்டாளத்துக்கு அரிசி ஏற்றியிருந்தார்கள். முன்மாடு எழும்பவில்லை. மற்ற ஏழும் அசையவில்லை. முதுகெல்லாம் அடித்த தழும்பு. துரை என்னைப் பார்த்து, எழுப்பு என்று கையைக் காட்டினார்.

துறையில் சொன்னதை அப்படியே சொன்னேன். எழும்பி என்னிடம் வந்தது. ஏழும் பின்னால் வந்தன.

என்ன சொன்னான் என்று துரை கேட்டார். மொழி சொல்கிறவரின் முகம் கறுத்தது. ராசா என்பது மாட்டின் பேர் என்று எல்லார் முன்னாலும் அவர் சொல்லத்தான் வேண்டியிருந்தது.

"துரை உம்மை விட்டிட்டார். மாட்டை ஓட்டிக் குடுத்திட்டுப் போம்."

நான் நின்றேன். "ஓட்டித் தாரேன். முதியான்சே செஞ்ச குத்தம் என்னான்டு துரைட்ட ஒருக்கா கேளுங்க."

"விசரோ உமக்கு? உயிர் மிஞ்சினதே பெரிசு."

"நான் செல்றத அப்படியே செல்லுங்க, ஐயா."

சொன்னார். இந்த முறை சரியாகவே சொன்னார். துரை தாளைப் புரட்டினார். முதியான்சேயின் பேருக்கு நேரே ஒன்றும் எழுதியிருக்கவில்லை. அஸர் தொழுகைக்கு முன்னால் அவரையும் விட்டார்கள்.

நான் பயந்தது உண்மை. தலை குனியவில்லை என்பதும் உண்மை. அந்தப் பெருமையைத் தந்தவன் அல்லாஹ்.

எல்லாரும் வெளியே வரவில்லை. அவர்கள் பேருக்கு நேரே என்ன எழுதியிருந்தது என்று யாரும் கேட்கவில்லை. அதனால் இப்போது எங்கள் பக்கத்தில் யாரைப் பிடித்தாலும் நான் அரசாங்கக் கச்சேரிக்குப் போகிறேன். முஸ்லிமா, சிங்களவரா, தோட்டத்துத் தமிழரா என்று பார்ப்பதில்லை. என்ன குற்றம் என்று கேட்பேன். துரத்துவார்கள். மறுநாளும் போவேன்.

சகோதரர்களே, உங்களிடமும் ஒருநாள் ஒரு பொய்யைக் கேட்பார்கள். அன்றைக்கு அல்லாஹ்விடம் நேரான நாக்கைக் கேளுங்கள். எழுத்துச் சரியாக வராத மாட்டுக்காரனுக்கே கொடுத்தான். உங்களுக்கும் கொடுப்பான்.