பேச்சியம்மா விரிக்காத குடை

கொட்டகலைக் கடைத்தெருவில் ஆளுக்கொரு விதமாகச் சொல்லப்படும் செய்தி இது. மேலே ஒரு தேயிலைத் தோட்டத்தில், பேச்சியம்மா என்ற கொழுந்து பறிக்கும் பெண்ணின் வீட்டில் ஓர் அமைச்சரின் குடை இருக்கிறதாம். வெள்ளைக்காரர் ஒருவர் அதை விலைக்குக் கேட்டும் அவர் தரவில்லையாம். ரொட்டிக்கடைக்காரர் இன்னும் ஒரு படி மேலே போய், அந்தக் குடைக்குத் தினமும் சூடம் காட்டுகிறார்கள் என்றார். எனக்குத் தெரிந்தவரை நம் மக்கள் குடை பிடிப்பவருக்குச் சூடம் காட்டுவார்களே தவிர, குடைக்குக் காட்டியதில்லை. பத்திரிகைக்கு எழுதுகிறவன் என்பதால், எதற்கும் பார்த்துவிடலாம் என்று பஸ் ஏறினேன்.

கதையின் முதல் பாதி ஊருக்கே தெரியும். போன வருடம் வெளிநாட்டுத் தூதுவர்களும் தேயிலை வாங்குகிறவர்களும் தோட்டம் பார்க்க வந்தார்கள். கூட வந்த அமைச்சர், மழை பிடித்ததும் உதவியாளர் கையிலிருந்த குடையை வாங்கி, தான் நனைந்துகொண்டே பேச்சியம்மாவுக்குப் பிடித்தார். யாரோ அதைப் பேச்சோடு சேர்த்து வீடியோப் படமெடுத்தார்கள். அந்த வாரம் முடிவதற்குள் அது கடல் தாண்டிவிட்டது. இப்படியும் ஒரு தலைவர், இப்படியும் ஒரு நாடு என்று அங்கே மாய்ந்து மாய்ந்து எழுதினார்கள். நாட்டின் பெயரை வெளுத்துக் காயப்போடுவதற்கென்றே வெளிநாடுகளில் கோட்டுப் போட்டு விருந்து வைத்துக்கொண்டிருந்தவர்கள் இத்தனை காலம் செய்யாததை ஒரு குடை செய்தது.

பேச்சியம்மா தன் ஒற்றை அறைக் காம்பராவுக்கு முன்னால், இஸ்தோப்புத் திண்ணையில் உட்கார்ந்து கீரை ஆய்ந்துகொண்டிருந்தார். வரிசை வீடுகளான இதே லயத்தில் பிறந்து, சில கதவுகள் தள்ளி வாழ்க்கைப்பட்டவர். கல்யாண ஊர்வலம் புறப்பட்டதுமே முடிந்துவிட்டது என்று அவரே சிரிப்பார். கணவர் இல்லை. மகன் மதுரனுக்குத் தோஹாவில் வேலை. தோட்டத்தில் அவர் பெயர் பெற்றது வாயால்தான். கொழுந்து நிறுக்கும்போது ஈரத்துக்கென்று கூடுதலாகக் கழித்தால் முதலில் கேட்கிற குரல் அவருடையது. கங்காணி அவர் வரிசைக்கு வந்தால் தராசைப் பார்ப்பதை விட்டு அவர் முகத்தைப் பார்ப்பாராம்.

அமைச்சர் வருகிறார் என்று தெரிந்ததும் லயத்து ஆட்கள் கோயிலில் கூடினார்கள். லயத்தின் கூரைத் தகரம் முழுக்க இற்றுப் போயிருந்தது. அதை யார் சொல்வது? பக்கத்துக் காம்பரா ஆண்டியப்பன் தொழிற்சங்கத் தலைவர். தான் பேசினால் அரசியலாகிவிடும் என்று நழுவி, அக்கா பேசட்டும் என்றார். அக்காவும் ஒத்துக்கொண்டார். முதல் வார்த்தையே கூரையாக இருக்க வேண்டும் என்று ஒத்திகைகூடப் பார்த்தார்கள்.

அன்று அமைச்சர் குனிந்து, தட்டுத் தடுமாறிய தமிழில், "அம்மா, ஏதாவது குறை இருக்கா?" என்று கேட்டார்.

"ஒரு கொறையும் இல்லைங்க ஐயா. நல்லா இருக்கோம்."

வெளிநாட்டுக்காரர்கள் படத்துக்குக் கீழே தங்கள் மொழியில் எழுத்தைப் போட்டுப் பரப்பியது இந்த வார்த்தையைத்தான்.

ஏன் அப்படிச் சொன்னீர்கள் என்று கேட்டேன். கீரையிலிருந்து கண்ணை எடுக்காமல் பதில் சொன்னார்.

"அவருக்கு மூக்கு நுனியில தண்ணி சொட்டுது தம்பி. எனக்காக நனைஞ்சுக்கிட்டு நிக்கிற மனுசன்கிட்ட எங்க கூரை ஒழுகுதுன்னு எப்படிச் சொல்றது? சுத்தி விருந்தாளிங்க வேற. வீட்டுக்கு ஆளு வந்திருக்கையில, ஒலைக்கு அரிசி இல்லைன்னு யாராச்சும் சொல்லுவாங்களா? எரிஞ்சு விழுந்திருந்தார்னா நல்லாக் கேட்டிருப்பேன். எனக்குப் பழக்கம் அந்த மாதிரி ஆளுங்கதான்."

பிறகு ஆண்டியப்பன் கூரைக்காகத் தோட்டத்துக் காரியாலயத்துக்குப் போனபோது, அங்கிருந்தவர் போனை எடுத்து அந்தப் படத்தையே போட்டுக் காட்டினாராம். உங்கள் ஆளே குறை இல்லை என்கிறாரே என்றாராம். ஆண்டியப்பன் வெறுங்கையோடு திரும்பி வந்தார். லயத்தில் யாரும் பேச்சியம்மாவோடு சண்டைக்கு வரவில்லை. மழை பெய்தால் மட்டும் சுவருக்கு அந்தப் பக்கமிருந்து ஆண்டியப்பனின் மனைவி ஒரு கேள்வி கேட்பாள்.

தோஹாவில் மதுரனின் மேலாளர் படத்தைப் பார்த்துவிட்டு, உன் அம்மாவா என்று எழுந்து வந்து கைகொடுத்தாராம். அன்று முழுக்க அவனுக்கு ராஜ மரியாதை. சில மாதம் கழித்து, கூரையை மாற்ற ஊருக்குப் போகவேண்டும் என்று அவன் லீவு கேட்டான். அம்மாவே குறை இல்லை என்கிறாரே என்று சிரித்து, அடுத்த வருடம் பார்க்கலாம் என்று சொல்லிவிட்டார் அதே மேலாளர்.

அமைச்சரைப் பற்றி நாலு வார்த்தை சூடாக எழுதலாம் என்று வந்தவன் நான். பேச்சியம்மா அதையும் விடவில்லை.

"அவரை ஒண்ணும் எழுதிராதீங்க. நம்மகிட்ட அப்படிக் குனிஞ்சு கேட்டவங்க யாரு இருக்காங்க? அவரு கேட்டாரு. சொல்லாதது நான்தான்."

இதைச் சொன்னபோது குரல் இறங்கியிருந்தது. தராசுக்கு முன்னால் யாரும் கேட்டிராத குரல்.

உள்ளே கூட்டிப்போய்க் குடையைக் காட்டினார். சாமிப் படத்துக்குப் பக்கத்தில் ஆணியில் தொங்கியது. வீட்டில் ஒழுகாத மூலை அது ஒன்றுதான். சூடம் சாமிக்கு. வெள்ளைக்காரரும் விலை கேட்கவில்லை, படமெடுத்துக்கொண்டு போனார், அவ்வளவுதான். வதந்தியில் மிஞ்சியது குடை மட்டும். புறப்படும்போது அமைச்சர் அதைப் பேச்சியம்மாவின் கையில் கொடுத்து, அடுத்த முறை வரும்போது வாங்கிக்கொள்கிறேன் என்று சொல்லியிருக்கிறார். பெரிய மனிதர்கள் காரில் ஏறும்போது சொல்கிற வார்த்தை. பேச்சியம்மாவோ அதை அப்படியே எடுத்துக்கொண்டார். இரவல் பொருள் என்பதால் ஒரு மழைக்கும் அதை விரித்ததில்லை.

அடுத்த வாரம் கொழும்பு போகிறேன், அமைச்சருடைய காரியாலயத்தில் கொடுத்துவிடட்டுமா என்று கேட்டேன்.

"குடுத்துட்டா அவரு எதுக்கு இங்க வரணும்? அவரே வந்து வாங்கட்டும். இந்தத் தடவை நனைஞ்சுக்கிட்டு நின்னாலும் சொல்லிப்புடுவேன்."

அந்த அமைச்சருக்கு இப்போது வேறு இலாகா, இனி தோட்டத்துப் பக்கம் வர வேலையில்லை என்று எனக்குத் தெரியும். வாயைத் திறந்தேன், மூடிக்கொண்டேன். குறை சொல்லாமல் இருப்பது எனக்கும் தொற்றிவிட்டது போலிருக்கிறது.

மேலே தகரத்தில் மழை விழத் தொடங்கியது. பேச்சியம்மா தண்ணீர் பிடிக்கும் பேசினைக் காலால் தள்ளி, வழக்கமாகச் சொட்டும் இடத்தில் வைத்தார். சுவருக்கு அந்தப் பக்கமிருந்து குரல் வந்தது.

"அக்கா, கொறை ஒண்ணும் இல்லையே?"

"இல்லைடி. ஒரு குடைதான் திருப்பிக் குடுக்க வேண்டியிருக்கு."