ஒரே கோட்டில் இரண்டு பெயர்கள்

"தமிழ் 24, வங்காளம் 24. அளவு ஒன்றே. வியாழன்." அண்ணன் மகளின் கல்யாணப் பத்திரிகைக்கு வந்த முதல் மாதிரித் தாளின் ஓரத்தில் பென்சிலால் இப்படி எழுதியிருக்கிறது. எழுதியவர், கொல்கத்தா பவானிபூரில் பத்திரிகையை வடிவமைத்த வங்காளிப் பெண். கிழமை போட்டவர் தேதி போடவில்லை. பூஜை விடுமுறைக்கு முந்தைய வாரம் என்பது என் நினைவு.

பெண்ணின் பெயர் தமிழில், மாப்பிள்ளையின் பெயர் வங்காளத்தில். இரண்டும் ஒரே வரியில், அடுத்தடுத்து.

"என்னடா இது, நம்ம பேரு மட்டும் பொடிசா இருக்கு? சம்பந்தி வீட்டுல என்ன நினைப்பாங்க?" என்றார் அண்ணா. சமமாகத் தெரியும்வரை கையெழுத்துப் போடமாட்டேன் என்றும் சொல்லிவிட்டார். ஞாயிறு முதல் அச்சகம் மூடிவிடும்.

இருவரும் நேரில் போனோம். 24 என்பது எழுத்தின் உயரமல்ல, எழுத்தை வைக்கும் சட்டத்தின் உயரம் என்றார் அந்தப் பெண். தமிழுக்கு மேலே இகரக் கொக்கிக்கு இடம் விடவேண்டும். கீழே த, ந, ற போன்றவற்றின் வாலுக்கும் இடம் வேண்டும். வாலை அவர் டிசெண்டர் என்றார். இரண்டுக்கும் விட்டதுபோக, இந்த எழுத்துருவில் தமிழின் உடல் சிறுத்துவிட்டது. போதாததற்கு, வங்காள எழுத்துகளின் தலைமேல் மாத்ரா என்ற கோடு கூரைபோல் ஓடி, பெயரை ஒரே கட்டாகக் காட்டியது.

அண்ணா ஸ்கேலை எடுத்தார். அவர் சொன்னபடி தமிழின் உடலை வங்காளத்தின் உயரத்துக்குப் பெரிதாக்கினார்கள். அளவு சரி. ஆனால் கொக்கியும் வாலும் சேர்ந்து வளர்ந்துவிட்டன.

வாட்ஸப்பில் அதைப் பார்த்த அவர் மகள் சிரித்தாள். "ஆரே பாபா, என் பேரு அவனை அடிக்க வர்ற மாதிரி இருக்குப்பா!"

அன்று கரியாஹாட் வழியாகத் திரும்பும்போது கடைப் பலகைகளைப் பார்த்துக்கொண்டே வந்தேன். வங்காளப் பெயர்கள் கொடியில் காயும் துணிபோல மேல்கோட்டிலிருந்து தொங்கின. பக்கத்திலேயே ஆங்கில எழுத்துகள் தரையில் உட்கார்ந்திருந்தன. தமிழ்ப் பலகை ஒன்றும் அகப்படவில்லை.

மறுநாள் மகளே எங்களோடு வந்தாள். அவளுக்குத் தமிழ் எழுத்துக்கூட்டித்தான் படிக்க வரும். அதனால்தானோ என்னவோ உருவம் மட்டும் கண்ணில் பட்டது. "அவங்க எழுத்து தொங்குது, நம்ம எழுத்து நிக்குது. ரெண்டுக்கும் ஒரே கோடு போதுமே?"

"மேல யாரு?" என்றார் அண்ணா.

"நிக்கிறவங்கதான்பா மேல நிக்கமுடியும்."

அண்ணா அதற்குமேல் ஸ்கேலைத் தொடவில்லை. தமிழ் உட்காரும் கோடான பேஸ்லைனும் வங்காளத்தின் மாத்ராவும் ஒன்றாயின. அவள் பெயரில் உள்ள த-வின் வால் கோட்டைத் தாண்டிக் கீழே இறங்கியது. மாப்பிள்ளை பெயரின் கொக்கி கோட்டைத் தாண்டி மேலே வந்தது. இரண்டும் இடிக்காமல் இருக்க, வங்காளத்தைச் சற்று வலப்பக்கம் நகர்த்தினார் அந்தப் பெண். அண்ணா அங்கேயே கையெழுத்திட்டார்.

பத்திரிகை போய்ச் சேர்ந்ததும் மாப்பிள்ளையின் அம்மா தொலைபேசியில் வங்காளத்தில், அண்ணனை அழைக்கும் ‘தாதா’ போட்டுக் கேட்டார். "என்ன தாதா, கல்யாணத்துக்கு முன்னாடியே எங்க தலைமேல ஏறி நின்னுட்டீங்க?"

அண்ணாவும் வங்காளத்திலேயே, அக்காவுக்கான ‘தீதி’ போட்டுப் பதில் சொன்னார். "உங்க கூரையிலதானே தீதி எங்க பொண்ணு இருக்கப்போறா!"

இரண்டு பெயரும் அச்சில் ஒரே அளவு என்றுதான் அண்ணா இன்றும் எல்லோரிடமும் சொல்கிறார். கையெழுத்தான பிறகு மாடிப்படியில், கொக்கியும் வாலும் பெரிதாகக் காட்டுவதால், கண்ணுக்குச் சமமாகத் தெரிய வேண்டுமானால் தமிழை ஒரு மயிரிழை குறைக்கவேண்டும் என்று அந்தப் பெண் என்னிடம் சொன்னார். குறைத்தாரா என்பது தெரியாது. என்னிடமுள்ள பிரதியில் மை சற்றுப் பரந்திருப்பதால் அளந்து சொல்ல முடியவில்லை. மூலக் கோப்பை நான் பார்த்ததில்லை. எனவே, இரு பெயர்களும் ஒரே அளவில் அச்சானவை என்பது இதுவரை சரிபார்க்கப்படாத செய்தி.