சிறந்த வாசகர் மாயவன்

ராஜாங்கத்தைப் போலப் பயந்த மனிதனை நான் பார்த்ததில்லை. ரிஷிவந்தியத்துக்குப் பக்கத்தில் இருக்கும் எங்கள் ஊர் நூலகத்தில் பதினேழு வருடமாகத் தொகுப்பூதியத்தில் வேலை பார்க்கிறான். நிரந்தரமாகிவிடும், கோப்பு நகர்கிறது என்று சொல்லிச் சொல்லியே தலை நரைத்துவிட்டது. தெருவில் ஜீப் சத்தம் கேட்டால் போதும், மேலதிகாரி என்று நினைத்துச் சட்டைப் பொத்தானைப் போடுவான். நூலகத்துக்கு எதிரே என் பஞ்சர் கடை. அவன் பயப்படுவதைப் பார்ப்பது எனக்குப் பாதி வேலை.

சாக்பீஸைக் கையில் எடுத்தால் மட்டும் ஆளே மாறிவிடுவான். நூலக வாசலில் ஒரு கரும்பலகை உண்டு. தினமும் காலையில் அதில் புத்தகத்தைப் பற்றி ஒரு கார்ட்டூன் போடுவான். ஒருநாள் பெஞ்சில் கரையான் ஒன்று கால்மேல் கால் போட்டு உட்கார்ந்திருந்தது. 'அலமாரியை முழுசாக முடித்த ஒரே வாசகர்' என்று கீழே எழுதியிருந்தான். இன்னொரு நாள், 'அமைதி காக்கவும்' என்ற பலகைக்கு அடியில் ஒருவன் தொந்தியைத் தள்ளிக்கொண்டு வாயைப் பிளந்து குறட்டை விட்டுக்கொண்டிருந்தான். அந்தத் தொந்தி என்னுடையது. அன்றைக்கு அவனோடு நான் பேசவில்லை.

எல்லாப் படத்திலும் ஓர் ஓரமாக ஒரு கிழவர் இருப்பார். தலையில் துண்டு, மூக்கு நுனியில் கண்ணாடி, கையில் புத்தகம். வெள்ளத்தில் நூலகமே மிதந்து போனாலும் அவர் பாட்டுக்குப் பக்கத்தைத் திருப்பிக்கொண்டிருப்பார். அது எங்கள் ஊர் மாயவன். நிஜமாகவே ஒரு நாள் தவறாமல் நூலகத்துக்கு வந்தவர் அவர் ஒருவர்தான்.

போன வருடம் சித்திரையில் மாயவன் இறந்துபோனார். அவருக்குக் கை நடுங்கும் என்பதால் வருகைப் பதிவேட்டில் அவர் பெயரை ராஜாங்கமேதான் எழுதுவது வழக்கம். காரியம் முடிந்து நூலகத்தைத் திறந்த அன்றைக்கும் பழக்கத்தில் முதல் வரியில் எழுதிவிட்டான். அடித்தால் அதிகாரி கேட்பாரே என்று பயந்து அப்படியே விட்டான். மறுநாள் பக்கம் வெறுமையாக இருந்தது. ஆள் வராத நூலகத்தை மூடிவிடுவார்களோ என்று மறுபடி எழுதினான். கரும்பலகையிலிருந்தும் அவரை எடுக்க மனசு வரவில்லை. இப்படி ஒன்றரை வருடம், செத்துப்போன மாயவன் ஒரு நாள்கூட லீவு போடவில்லை.

நூலக வார விழாவுக்கு நான்கு நாள் இருக்கும்போது கடிதம் வந்தது. பதிவேடுகளைப் பார்த்ததில் மாவட்டத்திலேயே அதிக நாள் வந்தவர் மாயவன்தானாம். சிறந்த வாசகர் விருது. கள்ளக்குறிச்சியில் விழா, அவரை நேரில் அழைத்து வர வேண்டும்.

ராஜாங்கம் என் கடைக்கு வந்து டியூப் முக்கும் தொட்டியின் விளிம்பிலேயே உட்கார்ந்துவிட்டான். வேட்டி நனைந்ததுகூட அவனுக்குத் தெரியவில்லை.

"போச்சு. பதினேழு வருசமும் போச்சு. போலீஸ்ல புடிச்சிக் குடுத்துருவாங்களா?"

"சும்மா கெட. ஒடம்பு சரியில்லன்னு சொல்லிரு," என்றேன்.

"பாக்கறேன்னு வூட்டுக்கு வந்துட்டா?"

அந்த நேரம் பார்த்து மாயவனின் மனைவி அமிர்தம் தண்ணீர்க்குடத்தோடு வந்து நின்றாள். இடுப்பில் அதே கடிதம். வீட்டு விலாசத்துக்கும் ஒன்று அனுப்பியிருக்கிறார்கள்.

"இன்னாப்பா ராஜாங்கம், அவருக்கு லெட்டர் வந்துக்குது. பக்கத்து வூட்டுப் பொண்ணு படிச்சி சொல்லிச்சி. மேடைக்கு வரணுமாமே?"

ராஜாங்கம் எழுந்து கையெடுத்துக் கும்பிட்டான். "மன்னிச்சிருங்க பெரிம்மா. நாந்தான் அவரு பேர எழுதிக்கினு வந்தேன். தெரிஞ்சா வேல போயிரும்."

அவள் குடத்தை இறக்கி வைத்தாள். "என் வூட்டு எதிர்லயே கொழா கீது. ஏன் தெனம் இப்பிடி சுத்திக்கினு வரேன்னு நெனைக்கிற? இந்த போர்டுல அவர ஒரு பார்வ பாக்கத்தான். நானே வந்து வாங்கிக்கிறேன். நீ பயப்படாத."

சொன்னால் கேட்கிற பயமா அது? விழா அன்று காலையில் முதல்முறையாகக் கரும்பலகை காலியாகக் கிடந்தது. அமிர்தத்தைப் பஸ் ஏற்றிவிட்டு, அவனை என் பைக்கில் உட்கார வைத்துக் கிளம்பினேன். தியாகதுருகத்தில் நிறுத்தச் சொல்லி திரும்பிப் போய்விடலாமா என்று கேட்டான். கள்ளக்குறிச்சி வரும்வரை என் முதுகுக்குப் பின்னால் ஏதோ முணுமுணுத்துக்கொண்டே வந்தான்.

மண்டபத்தில் மாயவன் பெயரை மைக்கில் சொன்னார்கள். அமிர்தம் புடவையைச் சரிசெய்துகொண்டு மேடை ஏறினாள். ராஜாங்கம் என் மணிக்கட்டைப் பிடித்த பிடியில் எனக்கு ரத்தம் கட்டிக்கொண்டது.

"அய்யா வரலீங்களா?" என்று அதிகாரி கேட்டார்.

"அவரு லைப்ரரிக்குப் போய்க்கிறாருங்க. படிக்கிறத வுட்டுட்டு வரமாட்டேன்னுட்டாரு."

மண்டபம் சிரித்துக் கைதட்டியது. எனக்கும் மூச்சு வந்தது. கிழவி காப்பாற்றிவிட்டாள் என்று நினைத்தேன். அதிகாரி சால்வையைப் போர்த்திவிட்டு மைக்கைப் பிடித்தார். "இப்படி ஒரு வாசகரை நான் நேரில் பார்த்தே ஆகணும். செவ்வாய்க்கிழமை நானே உங்க ஊருக்கு வர்றேன்."

என் கையை உதறிவிட்டு ராஜாங்கம் எழுந்து நின்றான். சட்டையைப் பிடித்து இழுத்தேன், உட்காரவில்லை.

"வராதீங்க சார்! அவரு செத்துட்டாருங்க. நாந்தான் எழுதினேன். அந்தம்மாவ ஒண்ணும் கேக்காதீங்க."

வீரம் என்று நினைத்துவிடாதீர்கள். செவ்வாய்க்கிழமை வரை பயந்துகொண்டிருக்க அவனிடம் தெம்பு இல்லை, அவ்வளவுதான். அமிர்தம் சால்வையை எடுத்து மடித்து மேஜைமேல் வைத்துவிட்டு மெதுவாகப் படியிறங்கினாள். அவளைப் பார்க்க முடியாமல் நான் தரையைப் பார்த்தேன். இவன்மேல் எனக்கு வந்த கோபம் கொஞ்சநஞ்சமல்ல.

பத்து நாள் கழித்து மேலிடத்திலிருந்து கவர் வந்தது. ராஜாங்கம் அதை வாங்கிக்கொண்டு நேராக என் கடைக்கு வந்தான். பிரித்தான், கண்ணாடியைத் துடைத்தான், மறுபடி பார்த்தான். இரண்டே வரி. பதினேழு வருடம் புத்தகங்களுக்கு நடுவில் உட்கார்ந்திருந்தவனுக்கு பயத்தில் எழுத்து ஒன்றும் பிடிபடவில்லை.

"நீயே படிச்சி சொல்லுடா," என்று என்னிடம் நீட்டினான்.