வலது காலுக்கு நான்கு நாள்

1994 ஆகஸ்ட் 9, செவ்வாய்க்கிழமை, காலை ஒன்பது இருபது. பாலக்காட்டுக் கணவாய் வழியாக வந்த காற்றில் சாரல் சன்னலுக்குள் அடித்து, என் கட்டிலின் கால்மாட்டில் போர்வை நனைந்திருந்தது. அப்போதுதான் வார்டு சிஸ்டர் வந்து, "மாமா, இன்னிக்கு ஊட்டுக்குப் போக வேண்டாமுங்க. சனிக்கிழமை பாத்துக்கலாம்" என்றாள்.

முந்தின நாள் டாக்டர், "நாளைக்குக் கிளம்பிடலாம்" என்று சொல்லிவிட்டுப் போயிருந்தார். அதை நம்பி என் மனைவி ஃபிளாஸ்க், தட்டு, இரண்டு வேட்டி, துண்டு எல்லாவற்றையும் ஒயர் கூடையில் அடுக்கி முடித்திருந்தாள். கூடையைக் கையில் பிடித்தபடியே நின்றாள்.

"ஏன் கண்ணு, ஏதாச்சும் இருக்குதா?" என்று கேட்டேன்.

"ஒண்ணுமில்லீங் மாமா. நாலு நாள் இருந்துட்டுப் போங்க."

சொல்லும்போது அவள் என் முகத்தைப் பார்க்கவில்லை. டிரிப் ஸ்டாண்டைத் துடைத்துக்கொண்டிருந்தாள். அதில் அழுக்கு எதுவும் இல்லை.

அவள் எனக்கு அந்நியம் இல்லை. மில்லில் முப்பத்தொரு வருடம் டைம் ஆபீசில் வருகைக் கணக்கு எழுதும் வேலை பார்த்தேன். அதில் இருபத்திரண்டு வருடம் எனக்கு அடுத்த நாற்காலியில் உட்கார்ந்திருந்தவரின் மகள் அவள். நர்சிங் படிக்க அவளைச் சேர்த்தபோது அப்பனுக்கு லீவு கிடைக்காமல் நான்தான் கூடப் போனேன். அவள் இந்த ஆஸ்பத்திரியில் இருக்கிறாள் என்பதற்காகவே, வீட்டுக்குப் பக்கத்தில் இருந்ததை விட்டுவிட்டு இங்கே வந்து படுத்தேன். சர்க்கரைக்காரன் நான். செருப்பைத் துளைத்த ஆணி ஒன்று வலது கால் பெருவிரலுக்குக் கீழே இறங்கியது வலிக்கவே இல்லை. புண் வீங்கி நாற்றம் எடுத்த பிறகுதான் தெரிந்தது. சேர்ந்து பதினெட்டு நாள் ஆகியிருந்தது.

அன்று மத்தியானத்திலிருந்து என் காலுக்கு வரவேற்பு தொடங்கியது. அந்த ஆஸ்பத்திரியில் புதிதாக நர்சிங் பள்ளி ஆரம்பித்திருந்தார்கள். மாணவிகள் ஆறு பேர் ஒருவர் பின் ஒருவராக வந்தார்கள். புறங்காலில் இரண்டு விரலை வைத்து நாடி பார்த்தார்கள். ஒவ்வொரு விரலாக அழுத்தி, "இங்க தொட்டா தெரியுதுங்களா தாத்தா? இங்க?" என்று கேட்டார்கள். பஞ்சால் வருடினார்கள். தங்களுக்குள் ஆங்கிலத்தில் ஏதோ சொல்லிக்கொண்டு போனார்கள். புதன்கிழமையும் அதேதான்.

எனக்குப் பயம் பிடித்தது. காரணம் இருந்தது. எனக்கு அடுத்த கட்டிலில் காரமடைக்காரர் ஒருவர் இருந்தார். அவருக்கும் என்னைப் போலவே சர்க்கரை, காலில் புண். அவருடைய காலையும் இப்படித்தான் ஆள் மாற்றி ஆள் வந்து அழுத்திப் பார்த்தார்கள். அவர் கேட்டபோதும் "ஒண்ணுமில்லீங்" என்றுதான் சொன்னார்கள். ஐந்தாம் நாள் முழங்காலுக்குக் கீழே எடுத்துவிட்டார்கள். அவருடைய மகனுக்கு ஒரு வாரத்துக்கு முன்பே தெரியும். வீட்டாரிடம் மட்டும் சொல்லி, படுத்திருப்பவனிடம் மறைப்பதுதானே நம் பக்கத்து வழக்கம்.

ஆகவே நான் என் மனைவியின் முகத்தைப் பார்த்தேன். அவள் என் முகத்தைப் பார்த்தாள். எனக்குத் தெரிந்திருக்கும் என்று அவளும், அவளுக்குச் சொல்லியிருப்பார்கள் என்று நானும் நினைத்துக்கொண்டு, இருவரும் சாம்பார் சாதத்தில் உப்புக் குறைவு என்பதைப் பற்றிப் பேசினோம்.

சரவணம்பட்டிப் பக்கம் எனக்கு ஐந்து சென்ட் மனை இருந்தது. பிராவிடண்ட் பணத்தில் வாங்கியது. அது வரைக்கும் ஏழு வாடகை வீடு மாறியிருந்தோம். அடுத்த தை மாதம் அஸ்திவாரம் போடுவதாக இருந்தேன். வாசல் கிழக்கே, சமையலறை தென்கிழக்கே, என் மனைவிக்குத் துவைக்கிற கல் கிணற்றடியில் என்று எல்லாம் முடிவாகியிருந்தது. கால் போனால் மேஸ்திரி பின்னால் யார் நடப்பது? ஆபரேஷனுக்குப் பணம் யார் தருவார்கள்?

புதன்கிழமை சாயங்காலம் மாணவிகளில் ஒருத்தி மட்டும் தனியாக வந்து ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள். வெள்ளகோவில் பக்கத்துப் பெண். பத்தொன்பது வயதிருக்கும். கட்டுப் போடும்போது அவள் கைதான் மெத்தென்று இருக்கும்.

"தாத்தா, ராத்திரி தூக்கம் வருதுங்களா?"

"எங்க கண்ணு வருது."

"எத நெனச்சுக் கவலப்படறீங்க?"

மூன்று வாரத்தில் என்னை அப்படிக் கேட்டவள் அவள் ஒருத்திதான். கால் போகப் போகிறது என்று தெரியும் என்றேன். மனையைக் கொடுத்துவிடலாம் என்று இருப்பதையும் சொன்னேன். மனைவியிடம் சொல்லாததை அந்தப் பெண்ணிடம் சொன்னேன். கண்ணில் தண்ணீர்கூட வந்துவிட்டது.

அவள் என் கையைப் பிடித்துக்கொண்டு முழுவதும் கேட்டாள். "சரிங்க தாத்தா. வேற ஏதாச்சும் கவலைங்களா?" என்றாள். இல்லை என்றேன். எழுந்து போனாள்.

வியாழக்கிழமை பக்கத்து மனைக்காரருக்கு ஆள் அனுப்பினேன். உக்கடத்தில் இரும்புக் கடை வைத்திருந்த பாய். மூன்று வருடமாக என்னிடம் அந்த மனையைக் கேட்டுக்கொண்டிருந்தவர். ஆரஞ்சுப் பழத்தோடு வந்தார்.

"அய்யா, ஒடம்பு சரியாகட்டும். இப்ப என்ன அவசரம்?"

"இப்பத்தான் பாய் அவசரம்."

தொண்ணூற்றிரண்டாயிரத்துக்குப் பேசி, பதினைந்தாயிரம் அட்வான்ஸ் வாங்கி, கட்டிலில் உட்கார்ந்தபடியே அக்ரிமெண்டில் கையெழுத்துப் போட்டேன். நான் பின்வாங்கினால் அட்வான்ஸுக்கு இரட்டிப்பாகத் தர வேண்டும். என் மனைவி சாட்சிக் கையெழுத்துப் போட்டுவிட்டு வராந்தாவுக்குப் போய் வெகுநேரம் நின்றாள்.

சனிக்கிழமை காலை வார்டெல்லாம் டெட்டால் வாசம். எனக்குப் புது பெட்ஷீட். வெளியூரிலிருந்து கண்ணாடி போட்ட ஒரு மூத்த நர்ஸ் அம்மா வந்தார். அவர் பின்னால் சிஸ்டர். என் கட்டிலருகே வெள்ளகோவில் பெண் விறைத்து நின்றாள். காலைக் கழுவினாள், கட்டை மாற்றினாள். பிறகு மனப்பாடமாக என் வயது, என் சர்க்கரை அளவு, என் புண்ணின் நீள அகலம் எல்லாம் ஒப்பித்தாள். என்னை வைத்துப் பரீட்சை நடக்கிறது என்பது அப்போதுதான் எனக்கு உறைத்தது.

"இப்ப இவருக்கு முக்கியமான பிரச்சினை என்னம்மா? புண்ணா?" என்று அந்த அம்மா கேட்டார்.

"இல்லீங்க மேடம். புண்ணு ஆறிடுச்சு. சர்க்கரையும் கட்டுக்குள்ள இருக்குது. பயந்தானுங்க மேடம் பிரச்சினை."

"என்ன பயம்?"

"கால எடுத்துப்போடுவாங்கன்னு பயப்படறாருங்க. ராத்திரித் தூக்கமில்லீங்க. எடத்த விக்கறதாச் சொன்னாருங்க."

"எதனால அந்தப் பயம்?"

"நல்லாயிருச்சுன்னு யாரும் சொல்லாததாலீங்க மேடம்."

"நல்லாயிடுச்சுன்னா ஏன் இன்னும் இங்க இருக்கார்?"

அந்தப் பெண் சிஸ்டரைப் பார்த்தாள். சிஸ்டர் தரையைப் பார்த்தாள். அந்தப் பெண்தான் சொன்னாள்: "செவ்வாக்கெழமையே போக வேண்டியவருங்க. எக்ஸாமுக்காக நிறுத்தி வெச்சிருக்குதுங்க மேடம்."

"சரி. இந்தப் பயத்துக்கு நர்ஸ் என்ன செய்யணும்?"

"அவரோட நெலமைய அவருக்குப் புரியற மாதிரி எடுத்துச் சொல்லணுமுங்க."

"சொன்னியா?"

"எக்ஸாம் முடிஞ்சு சொல்லலாமுன்னு இருந்தேனுங்க."

அந்த அம்மா சிரிக்கவில்லை. மதிப்பெண்ணைப் போட்டார். பிறகு என் பக்கம் குனிந்து, "பெரியவரே, உங்க கால் நல்லாருக்கு. அத எடுக்கற பேச்சே இல்ல" என்று சொல்லிவிட்டு அடுத்த கட்டிலுக்கு நகர்ந்தார். அதைச் சொல்ல அவருக்கு ஒரு மூச்சுக்கூட முழுதாகப் பிடிக்கவில்லை. செவ்வாய்க்கிழமையிலிருந்து அந்த வார்டில் இருந்த ஒருவருக்கும் அதற்கு வாய் வரவில்லை.

பதினொரு மணிக்கு சிஸ்டர் டிஸ்சார்ஜ் சீட்டோடு வந்தாள்.

"மாமா, கோவிச்சுக்காதீங்க. மொத பேட்ச்சுங்க. உங்கள மாதிரி சுத்தமான கேஸு வேற கெடைக்கலீங்க."

"எங்கிட்ட ஒரு வார்த்த கேட்டிருந்தா நானே படுத்திருப்பனே அம்மணி. நாலு நாளென்ன, எட்டு நாள்."

"நான் கேக்கலாமுன்னுதானுங்க சொன்னேன். கேட்டு நிறுத்துனா பெட் சார்ஜ் வாங்க முடியாது, பேசாம நிறுத்துன்னு ஆபீசுல சொல்லிப்போட்டாங்க. உங்களப் பத்தி எனக்குந் தெரியுமுங்களே மாமா, நீங்க ஒவ்வொண்ணுக்கும் கணக்குக் கேப்பீங்க."

"அப்ப நான் அக்ரிமெண்டு போட்டது உனக்குத் தெரியுமா, தெரியாதா?"

அவள் சீட்டைத் தலையணை மேல் வைத்துவிட்டுப் போனாள். வியாழக்கிழமை பாய்க்கு உட்கார ஸ்டூல் எடுத்துப் போட்டவளே அவள்தான்.

நல்ல காலோடு நடந்து, அன்று சாயங்காலமே உக்கடத்துக்குப் போனேன். பாய் கல்லாவிலிருந்து எழுந்து வந்து உட்கார வைத்தார். எல்லாம் கேட்டுவிட்டு, "அய்யா, நானா வந்து புடுங்கல, நீங்க கூப்பிட்டுக் குடுத்தீங்க. ஊட்டுல நகைய வெச்சு அட்வான்ஸ் குடுத்திருக்கேன். எங்க கொண்டு போய்ச் சொல்லுவேன்?" என்றார். அவர் சொன்னதில் தப்பு இல்லை. முப்பதாயிரம் திருப்பித் தர என்னிடமும் வழியில்லை. செப்டம்பரில் பத்திரம் பதிவானது. கையில் வந்த பணத்துக்கு அப்புறம் எங்கேயும் ஐந்து சென்ட் அமையவில்லை. எட்டாவது வாடகை வீட்டில் உட்கார்ந்துதான் இதை எழுதுகிறேன்.

அந்தப் பெண் முதல் வகுப்பில் தேறினாள் என்று சிஸ்டர் கல்யாணப் பந்தல் ஒன்றில் வைத்து என் மனைவியிடம் சொன்னாளாம். நான் வேறு வரிசைக்குப் போய் உட்கார்ந்து சாப்பிட்டேன்.

அடுத்த தையில், என் மனையை ஒட்டிய வரிசையில் அதே அளவு இடம் ஒரு லட்சத்து இருபதாயிரத்துக்குப் போனது. எனக்கு நட்டம் இருபத்தெட்டாயிரம். நான்கு நாள் கட்டில் வாடகை, நாள் எழுபது வீதம், இருநூற்று எண்பது. கட்டுப் போட்டதற்கு ஒரு தடவைக்குப் பதினைந்து. பரீட்சைக்காகப் போட்ட கட்டையும் சேர்த்து ஐந்து தடவை என்று எழுதி எழுபத்தைந்து வாங்கினார்கள். சோறு கொண்டுவர என் மனைவிக்கு பஸ் டிக்கெட் இருபத்து நான்கு. ஆக மொத்தம் இருபத்தெட்டாயிரத்து முந்நூற்று எழுபத்தொன்பது ரூபாய்.