ஏழாம் மாதத்தில் ஹிஞ்சேவாடியிலிருந்து தேஹு ரோடுக்கு

பிரசவத்துக்கு அம்மா வீட்டுக்குப் போவது நம் வழக்கம். எனக்கு அம்மா இல்லை. கோவையில் அப்பா மட்டும்தான். அவருக்குக் குக்கர் வைக்கவே பயம். அதனால் குழந்தை புனேயில்தான் என்று முடிவு செய்தேன். சொந்தக்காரர்களில் பாதிப் பேர் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டார்கள். வைத்துக்கொள்ளட்டும். ஆனால் வலி வரும்போது பக்கத்தில் யார் இருப்பார்கள்? கணவரின் ஷிஃப்ட் அடுத்த வாரம் எப்படி மாறும் என்று அவருக்கே தெரியாது. வந்த சில மாதங்களில் எனக்குப் பழக்கமான ஒரே பெண், லிஃப்டில் பார்த்துச் சிரிப்பவர்.

தேஹு ரோடில் கோயிலை ஒட்டிய கூடத்தில் தமிழ்ப் பெண்கள் சிலர் புதிதாக வருபவர்களுக்கு உதவுகிறார்கள் என்று கேள்விப்பட்டு, போன ஞாயிறு காலை கிளம்பினேன். ஹிஞ்சேவாடியில் எங்கள் வீட்டிலிருந்து சுமார் பதினைந்து கிலோமீட்டர், ஆட்டோவுக்கு முந்நூறு ரூபாய். ஓட்டுநர் என் வயிற்றைப் பார்த்துவிட்டு, ஒவ்வொரு பள்ளத்துக்கும் முன்னால் கம்பியைப் பிடித்துக்கொள்ளச் சொன்னார். கம்பியை விடவே வாய்ப்பில்லை.

கூடத்தில் சரோஜா அக்காவைப் பார்த்தேன். ராணுவக் கிடங்கில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். சமைக்க, குழந்தையைக் குளிப்பாட்டச் சம்பளத்துக்கு ஆள் கிடைக்குமா என்று கேட்டேன். அவர் என் கையைப் பார்த்தார்.

"வளையல் யாரும்மா போட்டது?"

"நானேதானுங்க. வாங்கிப் போட்டுக்கிட்டேன்."

பரிதாபப்படப் போகிறார்கள், அழக்கூடாது என்று பல்லைக் கடித்தேன். அக்கா சிரித்துவிட்டார். "அரே, வளைகாப்பை யாராவது தனக்குத் தானே போட்டுக்குவாங்களா? கழட்டு."

சோப்புத் தண்ணீர் வந்தது. அதே வளையல்களை அங்கிருந்த பெண்கள் ஆளுக்கொன்றாகத் திரும்பப் போட்டுவிட்டார்கள். சம்பள ஆள் பேச்சே அங்கே கிடையாதாம். கடைசியாகக் குழந்தை பெற்றவர்தான் அடுத்து வருபவருக்கு அம்மா வீடு. இப்போது முறை, மடியில் கைக்குழந்தையோடு இருந்த சென்னைப் பெண் தீபாவுக்கு. மாலை டிராஃபிக்கை நம்ப முடியாது, ஒன்பதாம் மாதமே ஆஸ்பத்திரிக்குப் பக்கத்திலுள்ள தன் வீட்டுக்கு வந்துவிடச் சொன்னார் தீபா.

"முடியிற வரைக்கும் சமையல் நான்தானுங்க," என்றேன். அதற்கு மட்டும் ஒப்புக்கொள்ள வைத்தேன்.

திரும்பும்போது ஆட்டோவில் அழுதேன். பள்ளத்தில் வயிறு அதிர்ந்துவிட்டது என்று நினைத்து ஓட்டுநர் வேகத்தைக் குறைத்தார்.

போகிறவர்களுக்கு: ஞாயிறு காலையில் போங்கள். வேலைநாள் மாலை வேண்டவே வேண்டாம். வயிற்றில் பிள்ளையோடு புனேக்குப் புதிதாக வருகிறீர்களா? தீபாவுக்கு அடுத்த முறை என்னுடையது. இங்கே ஓர் அறையை இப்போதே ஒழித்து வைத்துவிட்டேன். வளையல் மட்டும் வாங்கிப் போட்டுக்கொள்ளாதீர்கள், வெறுங்கையோடு வாருங்கள்.