பழனிசாமி கட்டிய இரண்டு சலான்கள்

பழனிசாமிக்கு ஓரிடத்தில் உட்கார வராது. ரயில்வே ஒர்க்‌ஷாப்பில் முப்பத்தாறு வருஷம் ஃபிட்டராக இருந்து ஓய்வு பெற்ற பிறகும் நின்றுகொண்டேதான் டீ குடிப்பார். சென்ற மாசியில் டாக்டர் இதயத்தைக் காரணம் காட்டிப் படுத்திருக்கச் சொன்னதும் அந்தப் பரபரப்பு இரட்டிப்பானது. லோத்குண்டாவில் குடியிருந்த சொந்த வீட்டைத் தங்கை காஞ்சனா பேருக்கு எழுதிவிட வேண்டும். மனைவி போய்ச் சேர்ந்துவிட்டாள், பிள்ளைகள் இல்லை. கல்யாணமாகாத தங்கை அவரோடுதான் இருந்தாள். தான் கண்ணை மூடினால் வேலூர் அண்ணன் இளங்கோவன் பங்கு கேட்டு வந்து நிற்பார் என்பது அவருக்குத் தெரியும்.

பதிவு அலுவலகத்தில் காகிதத்தைத் திருப்பிக் கொடுத்தார்கள். தெலுங்கும் உருதுவும் பேசும் இந்த ஊரில் தாலுகாவை மண்டலம் என்பார்கள். வீடு இரண்டு மண்டலங்களின் எல்லையில் இருக்கிறதாம். எந்தப் பக்கம் என்று சர்வே செய்து வரவேண்டும், செலவு மனு போடுகிறவருடையது.

ஒர்க்‌ஷாப்பில் இரண்டு பிரிவுக்குப் பொதுவான வேலை வந்தால் இரண்டிலும் தனித்தனியே ஜாப் கார்டு போடுவார்கள். பழனிசாமியும் அதே பழக்கத்தில் இரண்டு தாசில்தார் அலுவலகங்களிலும் தனித்தனியே மனு கொடுத்து, தனித்தனியே சலான் கட்டினார்.

இரண்டு சர்வேயர்கள் வேறு வேறு நாளில் வந்தார்கள். ஒருவர் பக்கத்து ராணுவ முகாமின் சுவரடியில் இருந்த கல்லிலிருந்து அளந்தார், மற்றவர் கால்வாய்க்கரைக் கல்லிலிருந்து. இரண்டு கோட்டுக்கும் நடுவில் நாலடி யாருக்கும் இல்லாமல் மிஞ்சியது. அந்த நாலடியில்தான் சமையலறை இருந்தது.

"ரெண்டு எடத்துல காசு கட்டி என் சமையக்கட்ட அநாதையாக்கிட்டியே," என்றாள் காஞ்சனா.

இரண்டு சர்வேயர்களும் ஒரே நாளில் ஒரே கல்லிலிருந்து அளக்க வேண்டும், எல்லையின் இரு பக்கத்துக்காரர்களும் சேர்ந்து மனு போட்டுப் பாதிப் பாதி கட்ட வேண்டும் என்று தாசில்தார் அலுவலகக் குமாஸ்தா ஸ்ரீகாந்த் சொன்னார். அந்தப் பக்கத்துக்காரர் நூர் முகமது, பழைய ஒர்க்‌ஷாப் வெல்டர்.

"கைக்கு பழனி பாய், எதுக்கு? அளந்து என் வீடு உங்க மண்டலத்துக்குப் போச்சுன்னா காகிதமெல்லாம் மாத்த நான் அலையணும். அதுக்கு நானே காசு கட்டணுமா?"

"அலையுறத நான் அலையுறேன், நூர் பாய்."

"படுக்கச் சொன்ன ஆளு பேசுற பேச்சா இது?"

"அதனாலதான் சீக்கிரம் கட்டுங்கன்றேன்."

நூர் முகமது "ஹவ், சரி," என்று சட்டையை மாட்டிக்கொண்டு கிளம்பினார்.

சித்திரை வெயிலில் மறுபடி அளந்தார்கள். கூடத்துக்கும் சமையலறைக்கும் நடுச் சுவரில் வந்து விழுந்தது கோடு. வீடு இந்த மண்டலம், சமையலறை அந்த மண்டலம். வீட்டை உடனே பதியலாம், சமையலறையை அடுத்த அலுவலகத்தில்தான் பதிய வேண்டும்.

"சமையக்கட்டு இல்லாத வீட்ட எழுதித் தர்ற அண்ணன் நீ ஒருத்தன்தான்," என்று சொல்லிக்கொண்டே காஞ்சனா பதிவு அலுவலகத்தில் கையெழுத்துப் போட்டாள்.

"அதுக்கும் நாளைக்கே போறேன்."

"நக்கோண்ணா, போகாத. இந்த வெயில்ல நக்கோ."

போனார். அந்த அலுவலகத்திலும் பணம் கட்டி, அடுத்த திங்களுக்குத் தேதி வாங்கி வந்தார். சனிக்கிழமை விடிகாலையில், செருப்பை மாட்டியபடி வாசலில் சரிந்தார்.

காரியத்துக்கு இளங்கோவன் வந்தார். பதினாறாம் நாள் சாப்பாடு முடிந்ததும் வீட்டைப் பற்றிக் கேட்டார். காஞ்சனா பத்திரத்தை எடுத்துக் கொடுத்தாள். அவர் கடைசிப் பக்கம் வரை படித்துவிட்டு, எழுதாமல் விட்டுப்போன சமையலறைக்குள் எட்டிப் பார்த்தார். அடுப்பு, இரண்டு அலமாரி, ஒருவர் திரும்பும் அளவு இடம்.

"இத வச்சு நான் என்ன பண்ணப்போறேன். நீயே வச்சுக்கம்மா," என்றார்.

"வாயால சொன்னா ஆபீஸ்ல ஏத்துக்க மாட்டாங்க, பெரியண்ணா. நாளைக்கு வந்து எழுதிக் குடுத்துட்டு ஊருக்குப் போ."

"ராத்திரி ரயிலுக்கு டிக்கெட் எடுத்திருக்கேனே."

"கேன்சல் பண்ணிடு," என்று அவள் அவருடைய பையை உள்ளே எடுத்துப் போனாள்.