மத விடுப்பு கேட்டு வந்தவர்கள்

எச்.ஆர். வேலையில் சம்பளம் போடுவது சுலபம். லீவு கொடுப்பதுதான் தலைவலி. என்னைப் போல் இந்த நாற்காலியில் மாட்டிக்கொண்டவர்களுக்கு நான் விளக்க வேண்டியதில்லை. அம்பத்தூரில் ஒரு பம்ப் கம்பெனியில் இருக்கிறேன். எங்கள் விதியில் ஆண்டுக்கு ஒரு நாள் 'மத விடுப்பு' உண்டு. கம்பெனி மூடாத பண்டிகைக்கு, அதுவும் ஊழியரின் சொந்த மதப் பண்டிகைக்கு மட்டும். இதை எழுதியவர் நிம்மதியாக ரிட்டயர் ஆகிவிட்டார்.

பக்ரீத்துக்கு முருகேசன்

லேத் ஓட்டும் முருகேசன் பக்ரீத்துக்கு லீவு கேட்டார். நெற்றி நிறைய விபூதி. பூந்தமல்லியில் பக்கத்து வீட்டு ரஃபீக் பாய்க்கு அன்றைக்கு பிரியாணி அண்டா இறக்க இவர்தான் வேண்டுமாம்.

"சொந்த மதம்னு விதியில இருக்கே முருகேசன்" என்றேன். அவர் அசரவில்லை.

"மதம் அவுருது மேடம், பசி என்துதான?"

தாடி

பெயின்ட் பிரிவில் மாஸ்க் சரியாக உட்கார வேண்டும் என்பதால் தாடி கூடாது. மதக் காரணம் இருந்தால் மட்டும் விலக்கு. செல்வம் புதர் போல வளர்த்துக்கொண்டு வந்து நின்றார். குலதெய்வத்துக்கு வேண்டுதலாம். திருநின்றவூரில் மனை வாங்கியிருக்கிறார். மழைக்குப் பிறகு அது ஏரியோடு ஒன்றாகிவிட்டது. தண்ணீர் வடியும்வரை கத்தி படக்கூடாது என்று வேண்டிக்கொண்டாராம்.

வேண்டுதல் மதத்தில் சேருமா, ரியல் எஸ்டேட்டில் சேருமா என்று எனக்குக் குழப்பம். அவரை பேக்கிங்குக்கு மாற்றிவிட்டு, "எப்ப எடுப்பீங்க?" என்று கேட்டேன்.

"அத ஏரியத்தான் கேக்கணும் மேடம்."

மதமே இல்லாதவர்

அறிவழகனுக்குக் கடவுள் நம்பிக்கை கிடையாது. "சாமி கும்புடறவனுக்கு ஒரு நாள் லீவு, கும்புடாதவனுக்கு இல்லையா? இன்னா நியாயம்?" என்றார். மேனேஜரிடம் போய்ச் சொன்னேன். ஆயுத பூஜை விடுமுறையன்று வேலைக்கு வந்துவிட்டு, பதிலுக்கு வேறொரு நாள் எடுத்துக்கொள்ளட்டும் என்றார் மேனேஜர்.

வந்தார். மெஷினுக்கெல்லாம் சந்தனம், குங்குமம் வைத்து வாழைக்கன்று கட்டியிருந்ததால் எதையும் ஓட்ட முடியவில்லை. துணைக்கு வந்த நான் எட்டிப் பார்த்தபோது, முதல் நாள் பூஜையில் மீந்த பொரி அவர் வாய் நிறைய இருந்தது. விழுங்கிவிட்டு நிதானமாகச் சொன்னார்:

"கடவுள் மறுப்புதான் மேடம், பொரி மறுப்பு இல்ல."

வக்கீல் சொன்னது

கடைசியில் மேனேஜர், "மதம்னா என்னன்னு ரெண்டு வரியில எழுதுங்கம்மா" என்றார். எனக்குத் தூக்கம் போயிற்று. தப்பாக எழுதினால் யாராவது ஒருவர் விடுபட்டுப்போவார். யூனியன் கேட்டில் உட்கார்ந்துவிடும். ஆவடியில் இருக்கும் எங்கள் கம்பெனி வக்கீலிடம் ஓடினேன். அவர் காபியை ஆற்றிக்கொண்டே, அரசியலமைப்புச் சட்டம் மத உரிமை தருகிறதே தவிர, மதம் என்றால் என்ன என்று எங்குமே சொல்லவில்லை என்றார்.

"அவங்களே நைசா நழுவிட்டாங்க, நீங்க ஏம்மா போய் மாட்டிக்கிறீங்க?"

அதனால் விதியிலிருந்து 'மத' என்ற சொல்லை அடித்துவிட்டு 'விருப்ப விடுப்பு' என்று மாற்றினோம். அன்றிலிருந்து கம்பெனி முழுக்க ஒரே மதம்தான், அதன் புனித நாள் திங்கட்கிழமை.